கல் எடுத்த இடம்

என் பேத்தி சான்பாடாவில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். அவள் போனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்வதுதான் இப்போது எனக்குப் பொழுதுபோக்கு. பாதி இங்கிலீஷ், பாதி ஹிந்தி, கோபம் வந்தால் மட்டும் தமிழ். போன வாரம் நல்ல கோபம்.

"அரே யார், பழசெல்லாம் அழிச்சாச்சு. பாதிக்குப் பாதி அழிச்சாச்சு. ஃபைல் சைஸ் மட்டும் அப்படியே நிக்குது, கொஞ்சம்கூடக் குறையல!"

போனை வைத்ததும் கேட்டேன். "எதட்டி அழிச்ச? எது குறையல?"

"ஒனக்குப் புரியாது ஆச்சி."

"புரியாட்டா போவுது. சும்மா சொல்லு."

சொன்னாள். "ஒரு பெரிய பெட்டின்னு வச்சுக்கோ. உள்ள கஸ்டமருங்க விவரமெல்லாம் வரிசையா இருக்கு. போனவங்களோடத அழிச்சா அவங்க இருந்த இடம் உள்ளயே காலியா நிக்கும். பெட்டி சின்னதாகாது. புதுசா வர்றவங்கள அந்தக் காலி இடத்துல உக்கார வைக்கலாம். இல்லன்னா எல்லாத்தையும் நெருக்கித் தள்ளிப் பெட்டியச் சின்னதாக்கலாம். ஆனா நெருக்குனா வரிசை கலைஞ்சுடும். எது எங்கன்னு தேடித் தேடிச் சாகணும்."

எனக்கு வந்த சிரிப்பில் கீரைத்தட்டு மடியிலிருந்து சரிந்துவிட்டது.

"க்யா ஹுவா ஆச்சி?"

"இந்தப் பெட்டிய எனக்குத் தெரியும்ட்டி. அதுக்குக் கடைசில நின்னவ நான்."

"கம்ப்யூட்டர்லயா?"

"குழாயடியில."

அதற்குள் அவளுக்கு அடுத்த போன் வந்துவிட்டது. அவளிடம் சொல்ல வந்ததைத்தான் இங்கே சொல்கிறேன். குழாய்க்காவைப் பற்றி.

நான் கல்யாணமாகி தாராவிக்கு வந்தது, எங்கோ எல்லையில் சண்டை நடந்து, வெளிச்சம் வெளியே தெரியாமல் ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொன்ன காலத்தில். எங்கள் கோலிக்கு ஜன்னலே கிடையாது, ஆகவே எங்களுக்கு அந்த வேலை மிச்சம். கோலி என்றால் அங்கே ஒற்றை அறை. அடுப்பு, படுக்கை, மாமியாரின் போட்டோ, வீட்டுக்காரரின் குறட்டை எல்லாம் அதற்குள்தான். அவர் தோல்ஷாப்பில் வேலை. வந்த புதிதில் அந்த நாற்றத்தில் எனக்குச் சோறு இறங்காது. பிறகு மாட்டுங்காவுக்குப் போய் மல்லிகைப்பூ வாங்கினால் அதிலும் தோல் நாற்றம்தான் அடித்தது. மூக்கு அப்படிப் பழகிவிட்டது. சரி, அதை விடுங்கள்.

எங்கள் வாடிக்கு, அதாவது கோலிகள் நெருங்கிக் கிடந்த அந்தச் சந்து முழுவதற்கும், ஒரே குழாய். விடியும்போது தண்ணீர் வரும், அது நினைத்தபோது நின்றுவிடும். குடத்தை வைத்து வரிசை பிடித்தால் குடம் காணாமல் போகும் அல்லது மிதிபட்டு நெளியும். அதனால் வீட்டுக்கு ஒரு கல். சாக்கடை ஓரமாகக் குழாயிலிருந்து வாடியின் கடைசி வரை கற்கள் வரிசையாகக் கிடக்கும், மழையிலும் வெயிலிலும். யார் முதலில் வாடிக்குக் குடிவந்தார்களோ அவர்கள் கல் முதலில். ஒரு கல்லுக்கு ஒரு நம்பர். ஒரு நம்பருக்கு இரண்டு குடம்.

எனக்கு எழுத்துத் தெரியாது. இன்றைக்கும் பஸ் நம்பரைப் பக்கத்தில் நிற்கிறவரிடம்தான் கேட்பேன். ஆனால் அந்தக் கல் வரிசையை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துவிடுவேன். உடைந்த அம்மி மேஸ்திரி வீடு. சிவப்புச் செங்கல் பீடி சுற்றுகிறவர்கள். ரயில் தண்டவாளத்திலிருந்து வீட்டுக்காரர் எடுத்துவந்த கருங்கல் நான். எனக்கு அடுத்த சலவைக்கல் துண்டு சுலைகா. அவள் கடையநல்லூர்க்காரி, நான் வந்த அதே மாதம் வந்தவள், வாயைத் திறந்தால் சிரிப்பு. எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் சுவர்தான்.

குழாயின் திருகு குழாய்க்காவின் முந்தானை முடிச்சில் இருக்கும். அவள் வந்து மாட்டினால்தான் குழாய் திறக்கும். நெட்டையான உடம்பு. குடம் தூக்கித் தூக்கி ஒரு பக்கத்து இடுப்பு மேலே ஏறியிருக்கும். பாம்படம் போட்டு வளர்த்த காது. பாம்படம் எப்போதோ போய்விட்டது, காது மட்டும் தோள் வரை தொங்கியது. கோபம் வந்தால் முகத்தில் ஒன்றும் தெரியாது, அந்தக் காது ஆடும். எல்லோருக்கும் அவள் அக்கா. கிழவிக்கும் அக்கா, கைப்பிள்ளைக்காரிக்கும் அக்கா. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை. அவளும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள்.

"அம்மி ஒடசல், வா! செங்கல்லு, என்ன தூக்கமா? ஒன் மாப்பிள்ள குறட்டைய வீட்டோட விட்டுட்டு வா!"

நான் வந்து கொஞ்ச நாளில் வரிசையின் நடுவில் இருந்த ஒரு குடும்பம் அம்பர்நாத்துக்குப் போனது. அங்கே ஃபேக்டரி வேலையும் வீடும் கிடைத்ததாம். அவர்கள் தட்டுமுட்டுச் சாமான் வண்டியேறியதும் அக்கா குனிந்து அவர்கள் கல்லைப் பெயர்த்தாள். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினாள். தன் கோலிச் சுவரில் சாய்த்து வைத்தாள். அங்கே ஏற்கெனவே நிறையக் கற்கள் சாய்ந்திருந்தன.

எனக்கு எவ்வளவு சந்தோஷம்! ஒரு கல் போனால் ஒரு இடம் முன்னால் போகலாம் அல்லவா? கருங்கல்லைக் காலால் தள்ளினேன்.

"ஏட்டி கருங்கல்லு, எங்க போற?"

"முன்னாடி ஒரு இடம் காலியாயிட்டுல்லாக்கா."

"காலிதான். ஒன்ன யாரு கூப்பிட்டா?"

"அந்த அத்தை போயிட்டாவளே."

"அவ போனா. அவ இடமும் அவ கூட வண்டியேறிப் போச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கல்லைப் பின்னால் இழுத்தேன். அப்போதுதான் பார்த்தேன். வரிசை முழுக்க அப்படிப் பல்லுப் போன வாய் மாதிரி இடைவெளிகள். செத்தவர்கள், ஊருக்குப் போனவர்கள், செம்பூருக்கும் வடாலாவுக்கும் குடி மாறியவர்கள். கல் எடுத்திருக்கும், இடம் கிடக்கும்.

வெறுமனே கிடந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு காலி இடத்துக்கும் நம்பர் வரும். அப்போது அக்கா தன் பித்தளை அண்டாவை இழுத்துக் குழாயடியில் வைப்பாள். அந்த இடத்துக்குரிய இரண்டு குடம் தண்ணீர் அண்டாவுக்குள் போகும். அது பொதுத் தண்ணீர். யார் வீட்டிலாவது பேறுகாலம், சாவு, காய்ச்சல் என்றால் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றும் நடக்காவிட்டால் அப்படியே இருக்கும். மறுநாள் விடிந்ததும் பழைய தண்ணீர் என்று சாக்கடையில் கவிழ்த்துவிட்டுப் புதிதாகப் பிடிப்பாள். நான் வந்தபோது அண்டா மட்டும் இருந்தது. இடங்கள் காலியாக ஆக, அண்டா போதாமல் ஒரு தகர டிரம்மும் சேர்ந்தது. டிரம் நிரம்பும் நேரத்தில் குழாய் 'ஹ்ஸ்' என்று காற்று விடும். எங்கள் கல்லுக்கு முன்னால் எத்தனையோ பேர் இருக்கும்போதே தண்ணீர் முடிந்துவிடும்.

கவிழ்த்த தண்ணீர் சாக்கடையில் ஓடி வளைந்து, எங்கள் கற்களை நனைத்துக்கொண்டுதான் வெளியே போகும்.

"பாத்தியா மைனி, நம்ம நம்பரு வந்துட்டு" என்பாள் சுலைகா. "வரிசையில வரல, சாக்கடையில வருது."

சிரித்துக்கொண்டே காலிக் குடத்தை எடுப்போம். தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கத்துக் குழாய்க்குப் போக வேண்டும். அங்கே எங்களுக்குக் கல் கிடையாது. 'அப்னா நல் பே ஜாவ்', உங்கள் குழாய்க்கே போங்கள் என்று விரட்டுவார்கள். கெஞ்சி, அவர்கள் பிடித்து முடித்த பிறகு ஒழுகுகிறதைப் பிடித்துவருவோம். இடுப்பில் குடம், காலடியில் ஜல்லி, எந்தப் பக்கமிருந்து ரயில் வருகிறதென்று காது முழுவதும் அதில்தான் இருக்கும். அந்த வருடம் நான் முதல் பிள்ளைக்கு முழுகாமல் இருந்தேன். வயிறு மேடானதும் தண்டவாளத்தில் கால் எங்கே வைக்கிறோம் என்று குனிந்து பார்க்க முடியவில்லை. அந்தப் பயம்தான் எனக்கு. விழுந்தால் குடம் போனால் போகட்டும், பிள்ளை?

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாவம். அந்தப் பொதுத் தண்ணீரில் அவள் ஒரு வாய் குடித்ததில்லை. யாருக்கும் கள்ளத்தனமாகக் கொடுத்ததில்லை. அவளுடைய கல் ஒரு ஆட்டுக்கல் குழவி. அது வரிசையின் பின்பாதியில் கிடந்தது. திருகு தன் கையிலேயே இருந்தும், தன் நம்பர் வரும்வரை தன் குடத்தைத் தொட மாட்டாள். ஒருமுறை அவளுக்கே காய்ச்சல். உதடு வெடித்துக் கிடந்தாள். அண்டாவிலிருந்து ஒரு செம்பு மொண்டு கொண்டுபோனேன்.

"எதுலேருந்து எடுத்த?"

"பொதுவுலதான். காய்ச்சலுக்கு எடுக்கலாம்னு நீதான சொன்ன."

"எனக்குன்னு நானே எடுத்துக்கிட்டா பொறவு எவ மதிப்பா? கொண்டு ஊத்து."

ஊற்றினேன். எனக்கு வந்த எரிச்சலுக்கு அவள் காய்ச்சலே தேவலை.

வயிறு நன்றாகத் தெரிந்த பிறகு ஒருநாள் துணிந்து கேட்டேன். வீட்டுக்காரர் 'நீ போய்க் கேட்டா அவ கேப்பாளா' என்று சிரித்தார். சுலைகாதான் என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். வரிசை முழுவதும் நின்றது. அக்கா டிரம்மை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, யாரையும் நகத்த வேண்டாம். எந்தக் கல்லையும் தொட வேண்டாம். இருக்கிற காலி இடத்துல என்னையும் சுலைகாவையும் உக்கார வையி. அவ்வளவுதான்."

இன்றைக்கு என் பேத்தி சொன்னாளே, புதுசை அந்தக் காலி இடத்தில் உட்கார வைக்கலாம் என்று. அதையேதான் நான் அன்றைக்குக் கேட்டேன், ஒரு எழுத்துத் தெரியாமல். எனக்கு இப்போது நினைத்தால் பெருமையாகக்கூட இருக்கிறது.

அக்கா தொங்கும் காதைச் சொறிந்தாள். யோசித்தாள் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் மேஸ்திரி பெண்டாட்டி குதித்துவிட்டாள்.

"நேத்து வந்தவ எனக்கு அடுத்தாப்புல நிப்பாளோ? நான் இந்த வாடிக்கு வந்தப்போ இவ ஊருல மூக்கு ஒழுகிக்கிட்டுத் திரிஞ்சிருப்பா!"

"ஆமா, ஒழுகுறதுக்கு மூக்குலயாவது தண்ணி இருந்துச்சு" என்றாள் சுலைகா.

அக்கா சிரிக்கவில்லை. "கேட்டியாட்டி? ஒன்ன உக்கார வச்சா இவளுவ என்னக் கொல்லுவாளுவ. அதுகூடப் போவட்டும். போனவ நாளைக்கு வந்து நின்னா? புள்ளத்தாச்சிய நான் கையப் பிடிச்சு எழுப்பவா?"

"போனவ எவக்கா திரும்பி வந்திருக்கா?"

"நான் வந்தேன்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. டிரம்மைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவிய செத்து, ஊருல காரியம் செய்யப் போனேன். அங்ஙன கொஞ்ச காலம் இருந்துட்டேன். வந்து பாத்தா என் கல்ல எடுத்து வீசிட்டு, எல்லாவளும் ஆளுக்கு ஒரு இடம் முன்னாடி நகந்துட்டாளுவ. 'எங்க நின்ன, காட்டு'ன்னாளுவ. எல்லாக் கல்லும் நகந்த பொறவு என்னத்தக் காட்ட? கடைசில போட்டாளுவ. ஒன்ன மாதிரிதான். அந்தத் தண்டவாளத்த நானும் தாண்டிருக்கேன்."

"அப்போ ஒனக்குத் தெரியுமேக்கா, கடைசில நிக்கிறது எப்படின்னு."

"தெரியும். அதான் ஒருத்தி இடத்தையும் மூட விடமாட்டேன்."

பட்டவள் இரங்குவாள் என்று நினைத்தேன். பட்டவள்தான் கல்லாக இருந்தாள். அண்டாவைத் தாண்டிக் கடைசிக்கு வந்து காலிக் குடத்தை எடுத்தேன்.

பிள்ளை பிறந்த கதையைக் கேளுங்கள். வெயில் ஏறியபின் வலி வந்தது. மருத்துவச்சி வரும்போதே வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சுலைகா ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் பின்னால் குழாய்க்கா, தலையில் சும்மாடு, அதன்மேல் அந்தப் பித்தளை அண்டா, முழுசாக. வாசலில் குனிந்து உள்ளே இறக்கினாள். போய் டிரம் தண்ணீரையும் குடம் குடமாகச் சுமந்து வந்தாள். அந்த வீட்டில் அத்தனை தண்ணீரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"ஊத்துட்டி, நல்லா ஊத்து" என்று சுலைகாவை விரட்டினாள். "கஞ்சத்தனம் பண்ணாத. வென்னி போடு. இன்னும் போடு."

என் மகனை அந்தத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினார்கள். அக்கா அவனைக் கையில் வாங்கி, கால் விரலை எல்லாம் பிரித்துப் பார்த்து, மூக்கைத் தடவி, ஒரு சிரிப்புச் சிரித்தாள். அவளுக்கு மேல்பல் ஒன்று இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை நான் அவள் சிரித்துப் பார்த்ததில்லை.

கிடந்த கிடையில் எனக்கு ஆத்திரம் பொங்கியது. "இதுல தினம் ஒரு குடம் குடுத்திருந்தா, அக்கா, நான் வயித்தப் பிடிச்சுக்கிட்டுத் தண்டவாளத்துல நடந்திருப்பேனா?"

"தினம் ஒரு குடம் குடுத்திருந்தா இன்னைக்கு அண்டாவுல என்ன இருந்திருக்கும்?" என்றாள், பிள்ளையைப் பார்த்துக்கொண்டே.

ஒவ்வொரு நாளும் எத்தனை அண்டாவைச் சாக்கடையில் கவிழ்த்தாள் என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது கீரை ஆயும்போதெல்லாம் தோன்றுகிறது. கேட்க ஆள்தான் இல்லை.

அதற்கடுத்த கோடையில் மேஸ்திரி அண்ணன் ஒரு நல்ல காரியம் செய்தார். எங்கெங்கோ அலைந்து, தண்ணீர் ஆபீஸ்காரர் ஒருவரை வாடியைப் பார்க்க வரச் சொல்லிவிட்டு வந்தார். ஒரு குழாய்க்குத் தாங்காத அளவு வீடுகள் இருந்தால் இன்னொரு குழாய் போடுவார்களாம். போட்டால் எங்கே போடுவார்கள்? வாடியின் கடைசியில், எங்கள் வாசலில்! நானும் சுலைகாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆடாத குறை.

முதல் நாள் சாயங்காலம் மேஸ்திரி அக்காவிடம் போனார். வாடியே பின்னால் போனது.

"அக்கா, நாளைக்கு ஒரே ஒரு நாளு. சுவத்துல சாச்சு வச்சிருக்கியே, அந்தக் கல்லையெல்லாம் காலி இடத்துல வச்சிருவோம். பாத்தா லைன் நெறஞ்சு இருக்கணும். ஆபீசர் போனதும் எடுத்துருவோம்."

"ஆளு இல்லாத இடத்துல கல்லு எப்படி வைக்க?"

"ஆளு இல்லாத இடத்துக்குத் தண்ணி மட்டும் பிடிக்கிதியே, அது எப்படி?"

காது ஆடியது. "அது இடம். இது பொய்யி."

"ஒரு நாளு பொய்க்கா!"

"வெறுங்கல்ல வச்சு ஆளுன்னு காட்டச் சொல்லுத. நாளைக்கு ஆளே நின்னாலும் வெறுங்கல்லும்பானுவ. என்னால ஆவாது."

நான் பிள்ளையை அவள் கையில் கொடுத்து, அவள் நாடியைப் பிடித்துக் கெஞ்சினேன். அவன் அவள் காதுத் துளையில் விரலை விட்டு இழுத்தான். அவள் வலியைப் பொறுத்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்கு முத்தம் கொடுத்தாள், என்னிடம் திருப்பிக் கொடுத்தாள், மாட்டேன் என்று தலையாட்டினாள். சாய்த்த கற்களுக்கு முன்னாலேயே முந்தானையை விரித்துப் படுத்துக்கொண்டாள், யாரும் எடுத்துவிடாதபடி.

ஆபீஸ்காரர் வந்தார். மராட்டிக்காரர், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வரிசையை மேலும் கீழும் நடந்து பார்த்தார்.

"யே க்யா? ஆதா லைன் காலி ஹை." பாதி வரிசை காலியாம்.

மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்கு முன்னால் அக்கா போய் நின்றுவிட்டாள். ஆள் இல்லை, இடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னாள். "ஆத்மி நை, ஸாப். ஜகா ஹை."

ஆபீஸ்காரர் சிரித்துவிட்டார். காலி இடம் தண்ணீர் குடிக்குமா என்று கேட்டார். வரிசையை நெருக்கி வையுங்கள், இந்தக் குழாயே உங்களுக்குத் தாராளம் என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். அவர் பார்த்தது அதுதான், சொன்னதும் அதுதான். அவர்மேல் நான் என்ன குற்றம் சொல்ல?

அந்தக் குடை தெருமுனையில் மறைந்தது. பிறகு மேஸ்திரி பெண்டாட்டி காறித் துப்பினாள், அக்காவின் காலடியில்.

மறுநாள் விடியும்போது ஆண்கள் வந்துவிட்டார்கள். மேஸ்திரி அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் திருகை எடுத்தார். அவள் தடுக்கவில்லை. சுவரில் சாய்ந்திருந்த கற்களை எல்லாம் சாக்கடைக்குள் போட்டார்கள், மழைக்கு மிதிகல்லாக இருக்கட்டும் என்று. பிறகு வரிசைக் கற்களை ஒரே மூச்சாக முன்னால் தள்ளினார்கள். கைக்கு வந்ததை வந்தபடி.

அப்புறம் பார்க்க வேண்டுமே! ஒருத்திக்கும் தன் இடம் தெரியவில்லை. 'எனக்கு முன்னாடி செங்கல்லு' என்று ஒருத்தி, 'செங்கல்லுக்கு முன்னாடி நான்' என்று இன்னொருத்தி. குடத்தால் அடித்துக்கொண்டார்கள். மேஸ்திரி பெண்டாட்டிக்கே நெற்றி பிளந்தது. குழாய் பாட்டுக்குத் திறந்து ஓடிக்கொண்டிருந்தது, பிடிக்கத்தான் ஆளில்லை.

"அக்கா, நீ சொல்லு! யாருக்கு அடுத்து யாரு?" எல்லோரும் அவளிடம்தான் ஓடினார்கள். அந்த வரிசை முழுவதும் தெரிந்தவள் அவள் ஒருத்திதானே.

"இடம் இருந்தா சொல்லுவேன்" என்றாள். "இடத்ததான் மூடிட்டீயளே."

நடுவில் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு நான் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. என் கருங்கல் யாரோ ஒருத்தியின் காலடியில் கிடந்தது. எடுத்துக்கொண்டு போய்ப் பழையபடி கடைசியில் போட்டேன். சுலைகாவும் அங்கேதான். எங்களுக்குப் பின்னால் அக்கா வந்தாள், ஆட்டுக்கல் குழவியை இடுப்பில் பிள்ளை மாதிரி இடுக்கிக்கொண்டு. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. தானாக வந்து கடைசியில் வைத்தாள்.

கொஞ்ச நாள் எங்களுக்குத் தண்ணீர் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த நாட்கள் நன்றாக இருந்தன. அப்புறம் திருகு மேஸ்திரி வீட்டில், இரண்டு குடம் என்பதை யாரும் எண்ணவில்லை, முன்னால் நின்றவர்கள் வாளி, தவலை, ஊறுகாய் ஜாடி என்று வீட்டில் இருந்ததை எல்லாம் கொண்டுவந்தார்கள். குழாய் மறுபடி எங்களுக்கு முன்னாலேயே காற்று விட்டது. யார் வீட்டிலாவது காய்ச்சல் என்றால் எடுக்க அண்டாவும் இல்லை. தண்டவாளத்தைத் தாண்டுகிறவர்கள் இப்போது நாங்கள் மூன்று பேர்.

ஒருநாள் என் கல்லோடு தண்ணீர் நின்றுவிட்டது, பிடித்த குடத்தை அவளிடம் நீட்டினேன். "இதக் கொண்டு போக்கா, நான் அந்தப் பக்கம் போய்க்கிடுதேன்."

"ஒன் நம்பரு தண்ணி ஒனக்கு" என்றாள். வாங்கவில்லை. ஜல்லியில் அந்த ஏறிய இடுப்போடு முன்னால் நடந்துபோனாள். அப்போதும் எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது.

அம்பர்நாத்தில் அவள் அண்ணன் மகன் இருந்தான். அவன் வந்து கூட்டிப்போனான். போகும்போது குழவியைப் பெயர்த்து, தானே கழுவி, என் கோலிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"கல்ல நீ வச்சுக்கோ. இடத்த மட்டும் விட்டு வையி. வந்தாலும் வருவேன்."

"சரிக்கா."

மறுநாள் நான் குழாயடிக்குப் போனபோது அவள் இடத்தில் ஒரு டின் இருந்தது. புதிதாகக் குடிவந்திருந்த சின்னப் பெண் ஒருத்தி கல்லுக்குப் பதில் வைத்தது.

"இது அக்கா இடம்ட்டி" என்றேன்.

"எந்த அக்கா?"

நான் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் வரிசை நகர்ந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் முன்னால் நின்ற ஒருத்தி செம்பூருக்குப் போனாள், எல்லோரும் ஒரு இடம் நகர்ந்தோம். பிறகு இன்னொருத்தி.

மழைக்காலம் முடிந்து அக்கா வந்தாள். அண்ணன் மகன் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லவில்லை. கையில் ஒரு பையும், காலிக் குடமும். குழாயடியில் வந்து நின்று வரிசையை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தாள். நான் ஓடிப்போய்க் குழவியைத் தூக்கி வந்தேன். அதுவரை அதை நான் தினமும் கழுவித்தான் வைத்திருந்தேன்.

"நான் எங்கட்டி நின்னேன்? காட்டு" என்றாள்.

நான் வரிசையைப் பார்த்தேன். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன், இந்தப் பக்கம் வந்து பார்த்தேன். என் கருங்கல்லே எங்கோ நடுவில் கிடந்தது. சுலைகா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே ஏதோ அடையாளம் இருக்கிற மாதிரி.

"என் நம்பர்ல பிடிச்சுக்கோக்கா" என்றேன்.

குழவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். யாரும் காட்டாமலே நடந்து கடைசிக்குப் போனாள். கற்கள் முடிந்த இடத்தில் குனிந்து வைத்து, மண்ணில் ஆடாமல் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள்.

அவளுக்குச் சில கற்கள் முன்னால் நின்ற சின்னப் பெண் திரும்பினாள். அதே டின்காரி.

"யாரு பாட்டி நீ? வாடிக்குப் புதுசா?"

அக்கா அவளைப் பார்த்தாள். குழாய் 'ஹ்ஸ்' என்றது.

"ஆமாட்டி" என்றாள். "புதுசுதான்."